பாசியும் உலோகமும்: கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்

போன வாரம் வேறொரு பேச்சின் நடுவில் "பாசிக்கு எதுக்கு மேடம் செம்பு?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். பதில் எழுத உட்கார்ந்தேன், நடுராத்திரி ஆகிவிட்டது. அதனால் தனியாகவே வைத்துக்கொள்வோம். நான் பதினான்கு வருடமாகக் கிளாமிடோமோனாஸ் என்கிற ஒற்றைச்செல் பச்சைப்பாசியோடு மாரடிக்கிறவள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு, நீந்த இரண்டு கசை, கிண்ணம் மாதிரி ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம். ஆய்வகங்களில் இருக்கும் வகைகளில் பெரும்பாலானவை 1945-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஆம்ஹெர்ஸ்ட் பக்கத்து உருளைக்கிழங்கு வயல் மண்ணில் எடுத்தவற்றின் வாரிசுகள். செம்பு, இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் செல்லுக்குள் எப்படி நுழைகின்றன, எங்கே வைக்கப்படுகின்றன, பஞ்சம் வந்தால் யார் வயிற்றில் அடி விழுகிறது, இதுதான் என் பேட்டை. மருத்துவம் என் பேட்டை இல்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன்.

கணக்குவாத்தியார்: சார், அடிப்படையிலிருந்தே கேட்கிறேன். செல்லைச் சுற்றிக் கொழுப்புச் சவ்வு. உலோக அயனியோ மின்னேற்றம் உள்ளது. கொழுப்புக்குள் நுழையாது. பிறகு எப்படி உள்ளே போகிறது?

சார் இல்லை, அக்கா. கேள்வி சரியான இடத்தில் தொடங்குகிறது.

ஒவ்வொரு உலோகத்துக்கும் சவ்வில் கதவு மாதிரி புரதங்கள் இருக்கின்றன. துத்தநாகத்துக்கு ஜிப் குடும்பம், மாங்கனீசுக்கு என்ராம்ப் குடும்பம், செம்புக்கு சி.டி.ஆர். குடும்பம். செம்பு வெளியே இரட்டை மின்னேற்றத்தோடு இருக்கும். செல்லின் மேற்பரப்பில் உள்ள நொதி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து அதை ஒற்றை மின்னேற்றமாக்கும், அப்புறம்தான் கதவு திறக்கும்.

இரும்பு கதை இன்னும் வேடிக்கை. காற்றுப்பட்ட தண்ணீரில் இரும்பு மூன்று மின்னேற்றத்தோடு, கிட்டத்தட்ட துருவாகக் கிடக்கும். எஃப்.ஆர்.இ.1 என்ற நொதி அதை இரண்டாகக் குறைக்கும். பக்கத்திலேயே எஃப்.ஓ.எக்ஸ்.1 என்ற நொதி அதை மறுபடி மூன்றாக்கும். ஆக்கிய கையோடு எஃப்.டி.ஆர்.1 என்ற கதவுக்குள் தள்ளிவிடும். வாசலில் சட்டையைக் கழற்றச் சொல்லி, உள்ளே போகும்போது மறுபடி மாட்டச் சொன்ன மாதிரி. ஏன் இந்தக் கூத்து? இரண்டு மின்னேற்றத்தில் இருக்கும் இரும்பு, பார்வைக்கு மாங்கனீசு, துத்தநாகம், காட்மியம் எல்லாம் மாதிரியே இருக்கும். அந்தக் கதவைத் திறந்து வைத்தால் கண்டதும் நுழையும். எடுத்து, மாற்றி, கைக்குக் கை கொடுக்கும்போது இரும்பு மட்டும்தான் தேறும். இதற்கு உதவியாகச் செல்லின் வெளிப்பக்கத்தில் எஃப்.இ.ஏ.1 போன்ற புரதங்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பஞ்சக் காலத்தில் இவை ஏராளமாக உற்பத்தியாகும்.

உள்ளே போன பிறகும் செம்பு தனியாக மிதக்க விடப்படுவதில்லை. ஏ.டி.எக்ஸ்.1 மாதிரி துணைப் புரதங்கள் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உரிய இடத்தில் விடும். தனியாக விட்டால் என்ன செய்யும் என்று கீழே யாராவது கேட்பார்கள், அப்போது சொல்கிறேன்.

இரவுப்பணி: நான் செவிலியர். செம்புக் குறைபாடு இருந்தால் இரத்தசோகை வரும் என்று படித்திருக்கிறோம். நீங்கள் சொல்லும் எஃப்.ஓ.எக்ஸ்.1 அந்தக் கதையோடு ஒட்டுகிறதா?

அடடா, ஒட்டுகிறது. எஃப்.ஓ.எக்ஸ்.1 வேலை செய்யச் செம்பு வேண்டும், அது பல செம்பு அணுக்களைத் தாங்கிய நொதி. நம் இரத்தத்தில் இருக்கும் செருலோபிளாஸ்மினும் அதே வேலையைச் செய்கிற, செம்பு தாங்கிய நொதிதான். பாசியின் நொதி ஈஸ்ட்டில் இருப்பதைவிட நம்முடையதற்குத்தான் சாயலில் நெருக்கம். ஆனால் கிளாமிடோமோனாஸ் நம்மைவிடச் சாமர்த்தியம்: செம்பு தீர்ந்தாலும் அதற்கு இரும்புப் பஞ்சம் வருவதில்லை, வேறு வழியில் சமாளித்துக்கொள்கிறது.

இரண்டாமாண்டு: அக்கா, முதுகலை புராஜெக்ட். டாப் ஊடகத்தில் (பாசி வளர்க்கும் சத்துக் கரைசல்) செம்பு மட்டும் சேர்க்காமல் கிளாமிடோமோனாஸ் வளர்க்கிறேன். பிளாஸ்டோசயானின் காணாமல் போகும் என்று படித்தேன். வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை ஜம்மென்று நிற்கிறது. வகை தப்பா?

வகை தப்பில்லை, குடுவை தப்பு. (மற்றவர்களுக்கு: வெஸ்டர்ன் பிளாட் என்பது ஒரு புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடி வைத்துப் பார்க்கும் சோதனை. இருந்தால் பட்டை தெரியும்.)

கணக்குப் போடுங்கள். ஒரு செல்லில் பிளாஸ்டோசயானின் மூலக்கூறுகள் சுமார் 80 லட்சம், ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு அணு. மற்ற செலவையும் சேர்த்து 90 லட்சம் என்று வையுங்கள். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல் இருக்கும் வளர்ப்பில் ஒரு லிட்டருக்கு வேண்டியது வெறும் ஒரு மைக்ரோகிராம் செம்பு. அதை நீங்கள் போட வேண்டியதே இல்லை. கண்ணாடியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், வாலைவடித்த நீர் வந்த குழாயின் பித்தளைத் திருகில் இருக்கும், உப்புகளில் அழுக்காக இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் விதைத்த செல்களே பழைய கையிருப்பைச் சுமந்துகொண்டு வரும்.

குடுவைகளை 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, மிகத் தூய நீரில் பலமுறை அலசுங்கள். கையுறை, கண்ணாடி, புகைக்கூண்டு எல்லாம் கட்டாயம். அப்புறம் செம்பில்லா ஊடகத்தில் அடுத்தடுத்து மூன்று முறை மாற்றி வளர்த்த பிறகு பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவியது கணக்கில் சேராது. இதை நான் வருடத்துக்கு நாலு பேருக்குச் சொல்கிறேன், நாலு பேரும் முதலில் நம்புவதில்லை.

கணக்குவாத்தியார்: அக்கா, அந்தப் பிளாஸ்டோசயானின் என்ன வேலை பார்க்கிறது? அது போய்விட்டால் ஒளிச்சேர்க்கை நின்றுவிடாதா?

இதற்காகத்தான் கடையே திறந்தேன். கொஞ்சம் நீளும்.

ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் போகின்றன. சைட்டோகுரோம் பி6எஃப் என்ற தொகுதியிலிருந்து ஒளித்தொகுதி-1 என்ற தொகுதிக்கு எலக்ட்ரானைத் தூக்கிக்கொண்டு போகும் கூலியாள்தான் பிளாஸ்டோசயானின். நீல நிறம், அதன் நடுவில் ஒற்றைச் செம்பு அணு. செல்லில் இருக்கும் செம்பில் பெரும்பங்கு இவரிடம்தான் முடங்கிக் கிடக்கிறது.

செம்பு குறைந்தால் செல் இரண்டு காரியம் செய்யும். ஒன்று, பிளாஸ்டோசயானினை உடைத்து அதிலிருக்கும் செம்பைப் பிடுங்கும். இரண்டு, சைட்டோகுரோம் சி6 என்ற வேறொரு புரதத்தைத் தயாரித்து அதே வேலையில் அமர்த்தும். அதன் நடுவில் இருப்பது இரும்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகும் என்பது 1978-லேயே தெரிந்துவிட்டது. அது எப்படி நடக்கிறது, யார் உத்தரவு போடுகிறார்கள் என்பதை அமெரிக்க உயிர்வேதியியலாளர் சபீஹா மெர்ச்சன்டும் அவர் குழுவும் எண்பதுகளிலிருந்து பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உத்தரவு போடுவது சி.ஆர்.ஆர்.1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம். செம்பு போதுமான அளவு இருந்தால் கம்மென்று இருக்கும், குறைந்தால் சி6 மரபணுவையும் செம்புக் கதவுகளின் மரபணுக்களையும் முடுக்கிவிடும். இந்த சி.ஆர்.ஆர்.1 பழுதான பாசி, செம்பு இல்லாதபோது வெளிச்சத்தை நம்பி வளர முடியாமல் திணறிப்போகும்.

பிடுங்கிய செம்பு எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசத்தின் கடைசிப் படியில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, மூன்று செம்பு அணுக்கள் வேண்டும், அதற்கு மாற்று ஆள் கிடையாது. பிளாஸ்டோசயானினிடமிருந்து பறித்ததைச் செல் அங்கே கொடுக்கிறது. மாற்று உள்ளவனிடம் பிடுங்கி மாற்று இல்லாதவனுக்குக் கொடுப்பது. ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கு பார்த்ததில்லை.

ஏமாற்றவும் முடியும். நிக்கல் உப்பைக் கொஞ்சம் கொட்டினால் போதும், செம்பு நிறைய இருக்கும்போதே பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி சி6 மரபணுவை முடுக்கும்.

இரும்புப் பஞ்சத்தில் கதை வேறு மாதிரி. ஒளித்தொகுதி-1-இல் மட்டும் 12 இரும்பு அணுக்கள், அதனால் முதலில் உடைபடுவது அதுதான். அசிட்டேட் என்ற உணவை வெளியிலிருந்து கொடுத்திருந்தால் செல் ஒளிச்சேர்க்கையைக் கைவிட்டுச் சுவாசத்தைக் காப்பாற்றும். அசிட்டேட் இல்லாமல் வெளிச்சத்தையே நம்பி வாழும்போது முடிந்தவரை ஒளிச்சேர்க்கையை விடாது. எது பிழைப்போ அதைத்தான் கட்டிக்கொள்ளும்.

நடுக்கடலில் இதற்கு நேர் எதிர். அங்கே இரும்புதான் அரிது. தலாசியோசைரா ஓசியானிக்கா என்ற டயாட்டம் (சிலிக்கா ஓடு போர்த்திய ஒற்றைச்செல் பாசி), இரும்பு சி6-ஐ விட்டுவிட்டுச் செம்பு பிளாஸ்டோசயானினை வைத்துக்கொண்டிருக்கிறது என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். வயல் மண்ணில் ஒரு பக்கம், கடலில் மறுபக்கம்.

ரெட்டைப்பிள்ளை அம்மா: மேடம், குழந்தைகளுக்குச் சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். அதில் கன உலோகம் இருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

முதலில், சுருள்பாசி என் பாசிக்கு உறவுக்காரரே இல்லை, அது சயனோபாக்டீரியா, அதாவது பாக்டீரியா இனம். இருந்தாலும் உலோக விஷயத்தில் பதில் ஒன்றுதான்: வளர்த்த தண்ணீரிலும் போட்ட உப்பிலும் என்ன இருந்ததோ அதைத்தான் அது சேர்த்துக்கொள்ளும். சுத்தமாக வளர்த்தால் சுத்தம். வாங்கும் இடத்தில் அந்தத் தொகுதிக்கு ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் நான்குக்கும் சோதனைச் சான்று கேளுங்கள், கூடவே மைக்ரோசிஸ்டின் என்ற நச்சுக்கும். காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள். கொடுக்கலாமா, எவ்வளவு என்பது குழந்தை மருத்துவரிடம்.

நெல்வயல்: பயிருக்கும் செம்புக் குறைபாடு வருகிறதே, நெல்லுக்கு அந்த சி6 கிடையாதா?

கிடையாது. நிலத் தாவரங்கள் அந்த மாற்று ஏற்பாட்டைத் தொலைத்துவிட்டன. பிளாஸ்டோசயானின் போனால் போனதுதான். ஜப்பானில் நோரி என்று தின்கிற சிவப்புப்பாசியின் சி6 மரபணுவை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச்செடியில் வைத்துப் பார்த்தார்கள், 2007-ல், செடி நன்றாகவே வளர்ந்தது. உங்கள் வயலுக்கு இப்போதைக்கு மண் பரிசோதனைதான்.

குளத்துக்காரர்: நீங்கள் செம்பு பாசிக்குச் சத்து என்கிறீர்கள். எங்கள் ஊர்க் குளம் ஒரு ஏக்கர், இடுப்பளவு தண்ணீர், பச்சைப் பெயின்ட் மாதிரி இருந்தது. சாக்கில் ஒரு மூட்டை, 25 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கட்டித் தண்ணீரில் இழுத்துச் சுற்றினோம். மூன்றே நாளில் கண்ணாடி. சத்து என்றால் ஏன் செத்தது?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வந்தது நல்லதுதான்.

ஒன்று சொல்கிறேன், நம்பமாட்டீர்கள். எங்கள் ஆய்வகத்தில் பல காலம் புழங்கிய ஹட்னர் நுண்சத்துக் கலவையில், ஊடகத்தின் ஒரு லிட்டருக்குச் சேரும் மயில்துத்தம் 1.57 மில்லிகிராம். பாசி கொழுகொழுவென்று வளரும். உங்கள் குளத்தில் லிட்டருக்கு அதே ஒன்றரை மில்லிகிராம் போட்டால் பாசி சாகும். அளவு ஒன்றேதான். வித்தியாசம், அந்தக் கலவையில் ஈ.டி.டி.ஏ. என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது, செம்பை நண்டுப்பிடியாகப் பிடித்துக்கொண்டு பாசிக்குத் துளித்துளியாகத்தான் விடும். தண்ணீரில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், எவ்வளவு கட்டில்லாமல் இருக்கிறது என்று கேளுங்கள். வாய் வலிக்கச் சொல்லும் விஷயம் இது.

கட்டில்லாத செம்பு வெள்ளமாக வந்தால் பாசி தன் கதவுகளைச் சட்டென்று சாத்த முடியாது. உள்ளே போன செம்பு, புரதங்களின் கந்தகக் கைகளைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு-கந்தகத் தொகுதிகளைக் கலைக்கும், பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், ஆக்சிஜனோடு சேர்ந்து செல்லையே அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். மேலே வாத்தியாருக்குச் சொல்வதாகச் சொன்னது இதுதான். கொஞ்சமாக வந்தால் தாங்கும், சிஸ்டீன் நிறைந்த பைட்டோகிலேட்டின் என்ற சின்னச் சங்கிலிகளைத் தயாரித்துக் கட்டிப்போடும். மூட்டையாக வந்தால் கட்டிப்போட நேரம் ஏது?

இப்போது நான் கேட்கிறேன். குளத்தில் மீன் உண்டா? மாடு குடிக்கிறதா? தண்ணீரின் காரத்தன்மை அளந்தீர்களா?

குளத்துக்காரர்: அளக்கவில்லை. கெண்டை கொஞ்சம் மிதந்தது, வெயிலுக்கு என்றார்கள். திராட்சைத் தோட்டத்துக்குப் போர்டோ கலவை காலங்காலமாக அடிக்கிறோம், அதுவும் மயில்துத்தம்தானே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

இறால்பண்ணை: அண்ணே, குறுக்கே வருகிறேன். போர்டோ கலவையில் சுண்ணாம்பு சேர்கிறது, இலையில் அடிக்கிறீர்கள், குளத்தில் கரைக்கவில்லை. எங்கள் பக்கம் காரத்தன்மையை நூறால் வகுத்து வருவதுதான் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. 150 இருந்தால் ஒன்றரை. உங்கள் ஒரு ஏக்கர் இடுப்பளவுக்கு ஆறு கிலோ வரும். நீங்கள் 25 போட்டிருக்கிறீர்கள்.

இறால்பண்ணைக்காரர் சொன்ன சூத்திரம் சரி. அந்தக் காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில், மில்லிகிராமில். காரணமும் மேலே சொன்னதேதான்: காரத்தன்மை அதிகமான தண்ணீரில் கார்பனேட் செம்பைப் பிடித்துப் படிய வைத்துவிடும், அதனால் அதிகம் போட வேண்டியிருக்கிறது. காரத்தன்மை 50-க்குக் கீழே என்றால் போடவே கூடாது, செம்பு முழுக்கக் கட்டில்லாமல் திரியும், மீன் செவுளைத்தான் முதலில் பிடிக்கும். 250-க்கு மேலே என்றால் போட்டும் பயனில்லை.

ஆனால் தம்பி, சூத்திரத்தைத் தெரிந்துகொண்டு எல்லோரும் மூட்டையைத் தூக்கக்கூடாது. அது நீங்கள் தினமும் காலையில் ஆக்சிஜன் அளக்கும் பண்ணைக்கு. ஊர்க் குளத்துக்கு இல்லை.

இறால்பண்ணை: அக்கா, கோபிக்காதீர்கள், நீங்கள் ஆய்வகத்தில் இருந்துகொண்டு பயமுறுத்துகிறீர்கள். அளந்து போட்டால் ஒன்றும் ஆகாது. பத்து வருடமாகப் போடுகிறேன்.

அளந்து போட்டால் மீன் பிழைக்கும், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் குளம் வருடத்துக்கு ஒருமுறை வற்றடிக்கப்படுகிறது, அடிச்சேறும் வாரப்படும். ஊர்க் குளத்தில் யார் வாருகிறார்கள்? செம்பு சிதைகிற பொருள் இல்லை, அது தனிமம். பாசி செத்து அடியில் படியும்போது கூடவே படியும், வருடா வருடம் சேறில் ஏறிக்கொண்டே போகும். சாகிற பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது அதனால்தான், வெயிலால் இல்லை.

இதைவிடப் பெரியது ஒன்று. பெயின்ட் மாதிரிப் பச்சை என்றாரே, அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி நச்சு வைத்திருக்கும் நீலப்பச்சை வகை. உயிரோடு இருக்கும்வரை நச்சின் பெரும்பகுதி செல்லுக்குள்தான். செம்பு போட்டுச் செல்லை வெடிக்க வைத்தால் மொத்தமும் தண்ணீரில். 1979-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பாம் தீவில் இது நடந்தது. குடிநீர் அணையில் பாசி மண்டியிருந்தது, மயில்துத்தம் போட்டார்கள், சில நாட்களில் 148 பேருக்கு ஈரலும் குடலும் பாதித்தது, பெரும்பாலும் குழந்தைகள். அங்கே இருந்தது வேறொரு நீலப்பச்சை வகை, அதன் நச்சுக்கு அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பெயரே வைத்தார்கள்.

குளத்துக்காரர்: சரி மேடம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டே மாதத்தில் மறுபடி பச்சை. அதற்குத்தான் இன்னொரு மூட்டை கேட்கலாமா என்று வந்தேன்.

வந்ததை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! இன்னொரு மூட்டை வேண்டாம். முதல் மூட்டை கொன்ற பாசி அழுகி, அதில் இருந்த பாஸ்பரஸ் தண்ணீருக்கே திரும்பியது, அதைத் தின்று அடுத்த கூட்டம் வந்தது. அதிலும் செம்பைத் தாங்கிய செல்கள்தான் பிழைத்துப் பெருகும், அடுத்த மூட்டைக்கு அவை அசராது. சாக்கடை எந்தப் பக்கமாக வந்து விழுகிறது என்று பாருங்கள், துணி துவைக்கும் துறை எங்கே என்று பாருங்கள். அதைத் திருப்பாமல் எதைப் போட்டாலும் இரண்டு மாதம்தான். மாடு குடிப்பதானால் இப்போதைக்கு நிறுத்துங்கள். கோடையில் வற்றினால் சேற்றை வாருங்கள், அந்தச் சேற்றை வயலில் கொட்டும் முன் செம்பு அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்தொட்டி: அப்படியென்றால் தொட்டியில் ஒரு செப்புக் காசு போட்டால் போதுமா?

நத்தையும் இறாலும் இருந்தால் அவைதான் முதலில் போகும். விளக்கைக் குறையுங்கள்.

புதுவாசகர்: சுருள்பாசியில் ஈயம் இருக்குமா?

மேலே பார்க்கவும்.

வேதிப்பிரியன்: காட்மியத்துக்கு உயிர்களில் எந்த வேலையும் இல்லை, வெறும் நஞ்சு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சரிதானே?

தொண்ணூற்றொன்பது சதவீதம் சரி. மீதியில் ஒரு டயாட்டம் உட்கார்ந்திருக்கிறது, தலாசியோசைரா வைஸ்ஃப்ளோகி. கரியமில வாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதிக்கு வழக்கமாகத் துத்தநாகம் வேண்டும். கடல் மேற்பரப்பில் துத்தநாகமும் அரிது. அப்போது இந்த டயாட்டம் காட்மியத்தையே நடுவில் வைத்து ஒரு தனி நொதியைச் செய்கிறது. கடல் வேதியியலாளர் பிரான்சுவா மொரெலின் குழுவினர் 1990-லிருந்து துரத்தி, 2000-ல் நொதியையே பிரித்துக் காட்டினார்கள். நஞ்சு என்று நாம் பெயர் வைத்ததை ஒரு டயாட்டம் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

சுத்தம்சோறு: குளோரெல்லா என்ற பச்சைப்பாசி மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் இருக்கும் ஈயம், பாதரசத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு வெளியேறும் என்கிறார்கள். நீங்களே பாசி உலோகத்தைக் கட்டிப்போடும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எழுதினேன். உயிருள்ள பாசி தன் செல்லுக்குள் கட்டிப்போடும். செத்த பாசியின் சுவரும் தண்ணீரில் இருக்கும் உலோகத்தைப் பிடிக்கும், மன்னார் வளைகுடாவில் எடுக்கிற கட்டக்கோரை மாதிரிப் பழுப்புக் கடற்பாசிகளில் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் இருப்பதால் அவை இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆலைக் கழிவுநீருக்கு அதைப் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் எலும்பிலும் மூளையிலும் இருக்கும் ஈயம் கழிவுநீர்த் தொட்டியில் மிதக்கவில்லை. மாத்திரை வயிற்றில் செரிந்துவிடும். உண்மையிலேயே ஈயம் ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், மருத்துவரைப் பாருங்கள். உலோகத்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரப் பாசி என்றால், கடைக்கு வரும் முன்பே எதையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் என்றும் யோசியுங்கள்.

கடல்காற்று: கடலில் இரும்பைக் கொட்டினால் பாசி வளர்ந்து கரியமில வாயுவை இழுக்குமாம். ஏன் செய்யாமல் இருக்கிறோம்?

செய்து பார்த்தார்கள். அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1988-ல் "அரை டேங்கர் இரும்பு கொடுங்கள், ஒரு பனியுகம் தருகிறேன்" என்ற பொருளில் வேடிக்கையாகச் சொன்னதிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. அதில் ஒன்றில் நமக்கும் பங்கு உண்டு: 2009-ல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெக்னர் நிறுவனமும் சேர்ந்து தென்கடலில் 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு தூவின. பெயரே லோஹாஃபெக்ஸ், லோஹா என்றால் இந்தியில் இரும்பு. பாசி வளர்ந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் சிலிக்கா இல்லை, அதனால் கனமான டயாட்டம் வரவில்லை, வந்த சின்னப் பாசிகளை மிதவை உயிரிகள் தின்றுவிட்டன, ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். இரும்பைக் கொட்டினால் கதவு திறக்கும், அப்புறம் வீட்டுக்குள் யார் வருவார் என்பது நம் கையில் இல்லை.

கடல்காற்று: அதிகமாகக் கொட்டினால்?

அரசியலுக்கு வேறு இடம் பாருங்கள். குளத்துக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

வேதிப்பிரியன்: துத்தநாகம் குறைந்தால் செம்பைச் சேர்த்து வைக்கும் என்று எங்கோ படித்தேன். தலைகீழாக இருக்கிறதே?

தலைகீழ்தான், அதனால்தான் அழகு. கிளாமிடோமோனாஸுக்குத் துத்தநாகத்தை நிறுத்தினால் செம்பைப் பல மடங்கு உள்ளே இழுக்கும். இழுத்ததைப் பயன்படுத்துவதும் இல்லை, செம்புப் பஞ்சத்தில் இருப்பது மாதிரியே நடந்துகொள்ளும். செம்பு எல்லாம் கால்சியமும் பாலிபாஸ்பேட்டும் நிறைந்த அமிலப் பைகளில், ஒற்றை மின்னேற்றத்தில் பூட்டப்பட்டுக் கிடக்கும். 2014-ல் அதைப் படமே எடுத்துக் காட்டினார்கள். துத்தநாகத்துக்கான காலி நாற்காலிகளில் செம்பு போய் உட்கார்ந்துவிடக்கூடாது என்பதற்காகப் பூட்டி வைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். துத்தநாகத்தைத் திருப்பிக் கொடுத்தால் பூட்டு திறக்கும், அதே செம்பில் பிளாஸ்டோசயானின் செய்யும். வீட்டில் விசேஷம் முடியும்வரை பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் பாட்டி மாதிரி.

ஊர்சுற்றி: ஜப்பானியக் கடற்பாசியில் ஆர்செனிக் என்கிறார்களே?

ஹிஜிகி என்ற வகையில் மட்டும் கவனம். மற்றக் கடற்பாசிகளில் ஆர்செனிக் பெரும்பாலும் சர்க்கரையோடு கட்டுண்டு இருக்கும், ஹிஜிகியில் கட்டில்லாத கனிம வடிவம் அதிகம், பிரிட்டனில் 2004-லேயே தின்ன வேண்டாம் என்றார்கள். ஆர்செனேட் என்ற கனிம வடிவம் பாஸ்பேட்டின் ஜாடை, அதன் கதவு வழியாகவே நுழைந்துவிடும்.

இன்னொரு அம்மா: மேடம், சுருள்பாசி மாத்திரையில் உலோகம்...

சான்று கேளுங்கள். மருத்துவரைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

இரண்டாமாண்டு: அக்கா, சொன்னபடி அமிலத்தில் கழுவி மூன்று முறை மாற்றினேன். பட்டை போய்விட்டது! ஆனால் வேறு பிரச்சினை. செம்பு கொடுத்த குடுவையையும் கொடுக்காததையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே பச்சை, ஒரே வேகத்தில் வளர்கின்றன. கைடு திட்டுவார்.

திட்டமாட்டார். இரும்பை நிறுத்தியிருந்தால் வெளிறிப்போய் நின்றிருக்கும். செம்பை நிறுத்தினால் இப்படித்தான், வெளியே ஒன்றுமே தெரியாது, சி6 உள்ளே வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே சாம்பிள்களில் சைட்டோகுரோம் சி6-க்கான ஆன்டிபாடியையும் போட்டுப் பாருங்கள், ஒன்றில் பட்டை இருக்கும், மற்றதில் இருக்காது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கைடிடம் போங்கள்.

எது எது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, லேபிள் ஒட்டியிருக்கிறீர்கள்தானே? மூடியில் ஒட்டாதீர்கள், குடுவையின் உடம்பில் ஒட்டுங்கள். மூடி மாறிப்போகும். என் முதல் வருடத்தில் மூன்று வார வேலை அப்படித்தான் போனது.